வீடு அவட, சாமான் என்ட

மாங்கேணி
11.02.2005

பூச்சி,

உன் கடிதம் நேற்றுத்தான் கைக்கு வந்தது. இங்கே தபால் இன்னும் ஒழுங்கில்லை. இனி ஓட்டமாவடி இப்றாஹிம் காக்காவின் புடவைக்கடை விலாசத்துக்குப் போடு. அவருடைய மருமகன் இர்ஷாத் உன்னோடுதானே கட்டாரில் இருக்கிறான். அவர் ஆள் மூலம் அனுப்பிவைப்பார்.

கடல் ஊருக்குள் வந்த நாளிலிருந்து பிள்ளை கிருசிகாவை நாங்கள் காணவில்லை. முப்பத்தோராம் நாள் கிரியையும் செய்தாயிற்று. உடம்பு இல்லாமல் எதை வைத்துச் செய்வது என்று ஐயர் கேட்டார். வேலியில் மாட்டிக் கிடந்த பள்ளிக்கூடச் சட்டையை மடித்து வைத்தோம். அவ்வளவுதான். வேறு எழுத ஒன்றும் இல்லை.

நீ பிள்ளையைப் பற்றி நாலைந்து வரி எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே உன் பெட்டியைப் பற்றி ஒரு பக்கம். "துவக்குகள் தப்பினதா" என்று கேட்டிருக்கிறாய். தப்பினது தம்பி. அத்தானும் ஊர் ஆட்களும் பிள்ளையைத் தேடிப் போனபோது உன் றங்குப்பெட்டி தாழங்காட்டுக்குள் வேரில் செருகிக் கிடந்ததாம். நாலு பேர் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் அதைத் தூரத்தில் கண்டுவிட்டு ஓடினேன். பிள்ளையைத் தேடிப் போனவர்கள் எதையோ தூக்கிக்கொண்டு வருகிறார்கள் என்றால் நான் என்னவென்று நினைப்பேன், நீயே சொல்.

திறந்து பார்த்தேன். மூன்று துவக்கும் இருக்கிறது. துவக்கு முனையில் பூட்டுகிற அந்தக் கத்தியும் இருக்கிறது. உப்புத்தண்ணீர் நிறைந்து கிடந்தது, ஊற்றிவிட்டேன். அத்தான் களப்புத் தண்ணீரில் போட்டுவிடவா என்று கேட்கிறார். வீடு வீடாக ஆள் கேட்டு வந்த காலத்தில், நீ துவக்குத் தூக்கக் கூடாது என்றுதானே உன்னைக் கட்டாருக்கு அனுப்பினோம். நீ அங்கே இருக்கிறாய். துவக்கு என்னிடம் இருக்கிறது.

என்ன செய்ய என்று எழுது. எனக்கு யோசிக்க ஏலாது.

அக்கா
தெய்வமணி


டோஹா
03.03.2005

அன்புள்ள அக்கா,

என்னை ஏசியது சரி. பிள்ளையைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பேனை நகரவில்லை. துவக்கைப் பற்றித் தொடங்கினால் தானாக ஓடியது. அந்தக் கடிதம் அப்படித்தான் ஆனது. நான் தொட்டிலாட்டிய பிள்ளை அக்கா. இப்போதும் பேனை நின்றுவிட்டது, பாருங்கள்.

களப்பில் போட வேண்டாம் என்று அத்தானிடம் சொல்லுங்கள். காலில் விழுந்து கேட்டதாகச் சொல்லுங்கள். மூன்றுமே வெடிக்காது. மருந்து இடித்துச் சுடுகிற அந்த இரண்டு இடியன் துவக்கும் காட்டில் சேனைப்பயிர் செய்கிறவர்கள் பன்றிக்கு வைத்திருந்தவை. நெருப்புப் போகிற துளையில் ஈயம் உருக்கி ஊற்றி நானே அடைத்துவிட்டேன். ஒரு காகத்தைக்கூடக் கலைக்க ஏலாது. மூன்றாவது, அந்த நீளமானது, உன்னிச்சைப் பக்கம் ஒரு மாட்டுப்பட்டிக்குக் குறுக்குத்தடியாகக் கிடந்ததே, நெல் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தேனே, அதுதான் பெரிய சாமான்.

இங்கே சந்தையில் பழைய ஆயுதம் விற்கிற ஒரு பலூச்சிக் கிழவர் இருக்கிறார். லீவு நாளில் அவர் கடையில்தான் நிற்பேன். வாங்கமாட்டேன் என்று தெரிந்தும் தேத்தண்ணி தருவார். நம்முடையதைக் கடதாசியில் கீறிக் காட்டினேன். "பொறி தட்டுகிற பூட்டு எந்தப் பக்கம்?" என்றார். இடப்பக்கம் என்றேன். மனுசன் எழும்பி நின்றுவிட்டார்! வெள்ளைக்காரன் செய்தது என்றால் பூட்டு வலப்பக்கம் இருக்குமாம். இடப்பக்கம் என்றால் நம் நாட்டுக் கொல்லன் அடித்ததாக இருக்கலாமாம். இருநூறு வருசத்துக்குக் குறையாது என்கிறார். அதில்தான் மாடு முதுகு தேய்த்துக்கொண்டு நின்றது.

சுடுகிற துவக்கைக் கண்டால் எனக்குக் காய்ச்சல் வரும், உங்களுக்குத் தெரியும். இவற்றைக் கழற்றலாம். எந்தச் சுருள் எதைத் தள்ளுகிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பப் பூட்டலாம். அந்த நேரம் மண்டைக்குள் வேறொன்றும் இருக்காது. வேறு ஆட்கள் தபால் முத்திரை சேர்க்கிறார்கள். நான் இதைச் சேர்த்தேன்.

உப்புப் பட்ட இரும்பு நிற்காது. நல்ல தண்ணீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, தையல் மெசின் எண்ணெய் பூசுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பருத்தித் துணியால் சுற்றி வையுங்கள். மாதம் ஒருக்கா பூசினால் போதும். இந்த நேரத்தில் இதைக் கேட்கிறானே என்று நினைப்பீர்கள். கேட்கிறேன்.

தம்பி
சுபாகரன்


மாங்கேணி
06.11.2005

பூச்சி,

வீடு கிடைத்துவிட்டது. சுனாமி வீடு. இரண்டு அறையும் ஒரு விறாந்தையும். நம் ஊர் வழக்கப்படி பெண்ணின் பேரிலேயே எழுத வேண்டும் என்று நான் நின்றேன், எழுதித் தந்தார்கள். கலியாணம் கட்டி என் வீட்டுக்கு வந்த மனுசன் மறுபடியும் என் வீட்டுக்குக் குடிவந்திருக்கிறார். "நல்லரத்தினத்துக்கு ரெண்டாம் தரமும் சீதனம்" என்று ஊரில் பகிடி. அவரும் சிரிக்கிறார். பிள்ளைக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய வீடு. அதை நாங்கள் இரண்டு பேரும் கதைப்பதில்லை.

எண்ணெய் வாங்கப் போனேன். இப்றாஹிம் காக்கா கடையில் மெசின் எண்ணெயும் வைத்திருக்கிறார்.

"மெசின் இல்லாத ஊட்டுக்கு மெசின் எண்ணெய் எதுக்கு புள்ள?" என்று கேட்டார்.

"தம்பிட சாமானுக்குக் காக்கா."

"அல்லாஹ்வே, அந்தக் கறலுக்கா? இரும்புக்காரன்ட்ட போட்டா ரெண்டு சட்டியாச்சும் வாங்கலாம்." சொல்லிக்கொண்டே போத்தலைச் சுற்றித் தந்தார்.

நீ மாதம் ஒருக்கா என்றாய். நான் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் பூசுகிறேன். பின்னேரம் அவளைக் குளிப்பாட்டி, தலை துடைத்து, எண்ணெய் வைத்துப் பின்னி விடுகிற நேரம் ஒன்று இருந்தது. அந்த நேரம் வந்தால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பெட்டியைத் திறந்து உட்கார்ந்துவிடுவேன். முதல் நாள் கறல் கையெல்லாம் ஒட்டியது. இப்போது நீளமானதன் குழாயில் ஏதோ பூவேலை தெரிகிறது. கொடி மாதிரி ஓடி, நடுவில் ஒரு பூ. வெள்ளிக் கம்பி பதித்திருக்கிறான் போல. நீ கண்டாயோ தெரியாது.

அத்தானுக்கு இது பிடிக்கவில்லை. "கட்டினவன்ட முதுகுக்கு எண்ணெய் இல்ல, தம்பிட குழாய்க்கு எண்ணெய்" என்று சொன்னார். நான் சிரித்துவிட்டேன். மார்கழிக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்திருக்கிறேன் என்று அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

ஆனால் நிலைமை மறுபடியும் பிழையாகிறது. சோதனை கூடிவிட்டது. வீதியில் இரண்டு பக்கமும் கேட்கிறார்கள், யார் யாரென்று எழுத மாட்டேன். உரிமைப் பத்திரம் இல்லாத சாமானை வீட்டில் வைத்திருக்கப் படாது, ஊர் விதானையாரிடம் ஒப்படைத்துவிடுவோம் என்று அத்தான் சொல்கிறார். அவர் பயந்து கதைக்கிற ஆள் இல்லை. நீ சரி என்றால் கொடுத்துவிடுவோம். எனக்கும் அதுதான் நல்லதென்று படுகிறது. கெதியாக எழுது.

அக்கா


டோஹா
20.12.2005

அக்கா,

வெள்ளிக் கம்பியா! நான் வைத்திருந்த காலத்தில் கறலுக்கு மேலே கை போடவே பயந்து இருந்தேன். கிழவரிடம் சொன்னேன். கடையை விட்டுவிட்டு உன் ஊருக்கு வருகிறேன் என்கிறார், பகிடிக்குத்தான். ஒரு வெள்ளைக் கடதாசியை அதற்கு மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து அனுப்புங்கள். பூ அப்படியே விழும்.

விதானையாரிடம் கொடுக்க வேண்டாம். கொடுக்கிற ஆளைத்தான் முதலில் "எங்கே எடுத்தாய், இன்னும் என்ன இருக்கிறது" என்று கேட்பார்கள். கொடுத்தால் அது எங்கேயாவது ஒரு மூலையில் விறகோடு கிடந்து போகும். எனக்கு வருகிற வருசம் லீவு. நானே வந்து கொழும்புக்குக் கொண்டுபோய், பழம்பொருள் என்று எழுதி வாங்கிவிடுவேன். அதுவரைக்கும் பொறுங்கள். உங்கள் கை பட்டுத்தானே அது பிழைத்திருக்கிறது.

மழைக்கு அத்தானின் நெஞ்சுச் சளி எப்படி?

சுபாகரன்


மாங்கேணி
16.09.2007

பூச்சி,

நீ லீவில் வரவில்லை. வந்திருந்தாலும் எங்களைக் கண்டிருக்க மாட்டாய். போன வருசக் கடைசியில் செல் விழத் தொடங்கி ஊர் எழும்பியது. கிரான் பக்கம் கூடாரத்தில் இருந்தோம். போகிறபோது அத்தான் உன் பெட்டியைக் கிணற்றடியில் தாட்டுவிட்டுத்தான் வந்தார். எனக்காகத்தான் தாட்டார். இல்லையென்றால் கிணற்றுக்குள்ளேயே போட்டிருப்பார்.

திரும்பி வந்து வீட்டைக் கூட்டிப் பெருக்கி முடிந்ததும் பெட்டியைத் தோண்டுங்கோ என்று அவரைப் பிடித்தேன். மண் ஈரம் இரும்பைத் தின்னும் என்று நீ முன்பு எழுதியிருந்தாய். "கிடந்த இடத்தில கிடக்கட்டுமே, உனக்கென்ன விசரா?" என்று ஏசினார். நான் நாலைந்து நாள் அவரோடு கதைக்கவில்லை. ஒரு நாள் காலையில் அவரே மண்வெட்டியை எடுத்தார்.

அன்று பின்னேரம் நான் விறாந்தையில் பாயை விரித்து மூன்றையும் அடுக்கி வைத்து எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன். அவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். சோதனைக்கு வந்தவர்கள் படலையைத் திறந்து உள்ளே வந்துவிட்டார்கள். மூடக்கூட நேரமில்லை.

ஒருவனுக்குத் தமிழ் தெரியும். "இது யாரு வீடு?" என்று கேட்டான்.

"என்ட வீடு" என்றேன். நம் ஊரில் வேறென்ன சொல்வது? எந்தப் பெண்ணைக் கேட்டாலும் அப்படித்தானே சொல்வாள்.

அவன் துவக்கைக் காலால் தட்டினான். "அப்ப இதுவும் உன்ட?"

"இது பழசு சேர். வெடிக்காது. ஈயம் அடைச்சிருக்கு, பாருங்க."

அவன் குனிந்து குழாயில் விரலை வைத்து இழுத்தான். விரலை எனக்குக் காட்டினான். மினுங்கியது. "பழசெண்டா எதுக்கு எண்ணெய்?"

அதற்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. அந்தப் பதிலை அவனிடம் எப்படிச் சொல்வது?

பின்னால் நின்றவன் ஏதோ சொன்னான். "எழும்பு, வா" என்று எனக்குக் கைகாட்டினார்கள். அப்போதுதான் அத்தான் வலையைப் போட்டுவிட்டு வந்தார். "அவ விசர்க்கதை கதைக்கிறா சேர். புள்ள செத்ததில இருந்து அவவுக்குச் சரியில்ல. வீடு அவட. சாமான் என்ட. எண்ணெய் பூசச் சொன்னதும் நான்தான்" என்றார்.

கொண்டுபோய்விட்டார்கள். பெட்டியையும் எண்ணெய்ப் போத்தலையும் சேர்த்து. அவர் சேட்டுப் போட்டுக்கொள்ளக் கேட்டார், விடவில்லை.

இப்போது எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். பார்க்க விடவில்லை. உனக்கு அறிவிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். வா என்று எழுதவில்லை. வராதே என்றும் எழுதவில்லை.

அக்கா


டோஹா
14.10.2007

அக்கா,

கடிதம் கிடைத்தது. இர்ஷாத்தான் கொண்டுவந்து தந்தான். வாசித்துவிட்டு அவனிடமே திருப்பிக் கொடுத்து, நான் வாசித்தது சரிதானா என்று பார்க்கச் சொன்னேன்.

இத்தோடு ஒரு கடதாசி வைத்திருக்கிறேன். இந்தச் சாமான்கள் எல்லாம் என்னுடையவை, நான் ஆசைக்குச் சேர்த்தவை, நல்லரத்தினத்துக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை என்று ஆங்கிலத்திலும் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். துவக்குகளோடு நான் நிற்கிற பழைய படமும் இருக்கிறது. எனக்குப் பதினெட்டு வயதிருக்கும், எவ்வளவு சந்தோசமாக நிற்கிறேன் பாருங்கள். இதைக் காட்டுங்கள். நல்ல மனுசர் யாராவது இருந்தால் விளங்கும்.

பாஸ்போட் கம்பெனியிடம் இருக்கிறது. கேட்டால் தர நாளெடுக்கும். ஒப்பந்தமும் முடியவில்லை. இதையெல்லாம் சாட்டாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். சாட்டுத்தான். எனக்குப் பயமாக இருக்கிறது. என் வயதுக்காரன் ஒருவன் போய், "அந்தத் துவக்கு என்னுடையது" என்று சொன்னால் பழம்பொருள் சேர்க்கிறவன் என்று யார் நம்புவான்?

நீங்கள் வா என்று ஒரு சொல் எழுதினால் வருவேன்.

சுபாகரன்


மாங்கேணி
09.03.2008

பூச்சி,

உன் கடதாசியைக் கொண்டுபோனேன். ஒரு பெரியவர் வாசித்தார். படத்தையும் பார்த்தார். "கடதாசியை அடைச்சு வைக்க ஏலுமா அம்மா? ஆள் வரட்டும், இந்த ஆளை விடுவம்" என்றார். ஏசவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார்.

அத்தானைப் பார்க்க விட்டார்கள், கொஞ்ச நேரம். கம்பிக்கு அந்தப் பக்கம் கொண்டுவந்து இருத்தினார்கள். நடக்கிறபோது சுவரைப் பிடிக்கிறார். இரண்டு காலும் வீங்கியிருக்கிறது. இருமல் விடவில்லை. என்னைக் கண்டதும் "என்ன, எண்ணெய் கொண்டு வந்தியா?" என்று கேட்டார். பகிடி விடுகிறாராம். மறுகா உன்னைக் கேட்டார். நீ எழுதியதைச் சொன்னேன். "அவனை வரச் சொல்லிப்போடாத. நான் கிழட்டுக் கட்டை, தாங்குவன். அவன் ஊசியைக் கண்டாலும் மயங்குறவன்" என்றார். அதுக்குள்ளே நேரம் முடிந்துவிட்டது.

நீ வா என்றால் வருவேன் என்று எழுதினாய். அதை ஏன் என்னிடம் கேட்டாய், தம்பி? அம்மா போன பிறகு உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான். அத்தான், வந்தவர்கள் என்னை எழும்பச் சொன்ன இடத்தில் எனக்காக எழும்பிப் போனவர். உங்கள் இரண்டு பேரையும் தராசில் வைக்கச் சொல்கிறாய். நான் நிறுக்க மாட்டேன். எனக்குக் களைத்துவிட்டது.

வராதே. எழுதிவிட்டேன். வராதே.

போகிற தரம் அவருக்கு உடுக்கச் சாரமும் பனங்கட்டியும் கொண்டுபோக வேண்டும். பனங்கட்டி உள்ளே விடுவார்களோ தெரியாது. அவருடைய பல் ஒன்று விழுந்திருக்கிறது. தானாக விழுந்தது என்று சொன்னார்.

அக்கா


டோஹா
22.12.2008

அக்கா,

பாஸ்போட்டை வாங்கிவிட்டேன். அடுத்த கிழமை வருகிறேன். இர்ஷாத்தும் லீவில் வருகிறான், அவனோடு வருவேன்.

வீட்டுக்கு வரமாட்டேன். வந்தால் நீங்கள் சோறு போடுவீர்கள். சாப்பிட்டுவிட்டு என்னால் எழும்ப ஏலாது. நேரே அத்தான் இருக்கிற இடத்துக்குப் போகிறேன். இர்ஷாத் வாசல் மட்டும் வருவான்.

நீங்கள் வராதே என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தை இந்த ஒன்பது மாதமும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். பலூச்சிக் கிழவரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். "திரும்பி வரும்போது அந்தப் பூவின் படத்தைக் கொண்டுவா" என்றார். சரி என்றேன்.

நான் என்ன சொல்ல வேண்டும் என்று இர்ஷாத்தை முன்னால் இருத்திச் சொல்லிப் பார்த்தேன். நாக்குப் புரளவில்லை. விமானத்தில் இன்னும் சொல்லிப் பார்ப்பேன்.

சுபாகரன்


மாங்கேணி
02.08.2009

பூச்சி,

இந்தக் கடிதத்தையும் இப்றாஹிம் காக்காவிடம்தான் கொடுக்கப் போகிறேன். எந்த விலாசம் என்று அவர் கேட்கமாட்டார். இதற்கு முன்னால் கொடுத்ததையும் வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டார்.

அத்தான் வீட்டில் இருக்கிறார். நீ போய்க் கொஞ்ச நாளில் விட்டுவிட்டார்கள். ஒரு பின்னேரம் தடியை ஊன்றிக்கொண்டு படலையில் வந்து நின்றார். என்னத்துக்கு விட்டார்கள் என்று அவருக்குத் தெரியாது. ஆக்களைக் கழிக்கிறார்கள், கிழடுகளை விடுகிறார்கள் என்றுதான் நினைத்திருக்கிறார். நான் சோறு போட்டேன். நீ வந்து உள்ளே போனதை அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை சொல்லவில்லை. சொன்னதும் சாப்பிட்ட கையைக் கழுவாமல் அப்படியே இருந்தார். "அவனை ஏன் வர விட்ட?" என்று கேட்டார். வராதே என்றுதான் எழுதினேன் என்றேன். "என்னெண்டு எழுதின, வாசிச்சுக் காட்டு" என்றார். உனக்கு எழுதியது உன்னிடம்தானே இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் என்னோடு அதிகம் கதைப்பதில்லை. வள்ளத்துக்கும் போவதில்லை. கடலைப் பார்க்காத பக்கமாகக் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு இருக்கிறார்.

இர்ஷாத் வந்து சொன்னான். வாசலில் நீ அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு உள்ளே போனாயாம். அவன் எதிரே தேத்தண்ணிக்கடையில் இருந்திருக்கிறான். கடை பூட்டும்வரை நீ வெளியே வரவில்லை. அடுத்த நாள் நான் போனேன். அப்படி ஒரு ஆளும் வரவில்லை என்றார்கள். உன் கடதாசியை வாசித்த அந்தப் பெரியவரும் இல்லை, மாறிப் போய்விட்டாராம். நான் போகாத இடம் இல்லை, பூச்சி. எல்லா இடத்திலும் ஒரே பதில்தான். வரவில்லை.

வைகாசியில் சண்டை முடிந்துவிட்டது. வீதியில் வெடி கொளுத்தினார்கள். ரொட்டியும் வாழைப்பழமும் கொடுத்தார்கள். அத்தான் வாங்க மாட்டேன் என்று நின்றார். எதற்கு வம்பு என்று நான் வாங்கிக்கொண்டு வந்து கோழிக்குப் போட்டேன்.

காணாமற்போன ஆட்களைப் பதிகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போன புதன்கிழமை போனேன். மரத்துக்குக் கீழே ஒரே பெண்டுகள். எல்லோரும் படம் வைத்திருந்தார்கள். நான் பாஸ்போட்டுக்கு நீ எடுத்த படத்தைக் கொண்டுபோனேன். எழுதுகிற பெடியன் நல்லவன். பேர் கேட்டான், வயது கேட்டான், என்ன வேலை என்று கேட்டான். எல்லாம் சொன்னேன்.

"ஆரு கொண்டு போனது?" என்று கேட்டான்.

"ஒருத்தரும் கொண்டு போகல்ல மனே. அவனாத்தான் போனான்."

பேனையை வைத்துவிட்டான். "அவராப் போனாரெண்டா எப்பிடியம்மா எழுதுற? ஒண்டில் ஆராவது கூட்டிக்கொண்டு போயிருக்க வேணும். இல்லாட்டி ஆராவது போகச் சொல்லியிருக்க வேணும். ஆரும் சொன்னதா?"

எனக்குப் பின்னால் நின்ற பெண் "கெதியாச் சொல்லுங்க அக்கா, வெயில் ஏறுது" என்றாள். பிழை சொல்லக் கூடாது. அவளும் விடியலிருந்து நிற்கிறாள்.

"ஊட்ட போய் யோசிச்சிட்டு வாற புதன் வாங்க. ஒரு பேர் இல்லாம இது முன்னுக்குப் போகாது" என்று பெடியன் சொன்னான். உன்னுடைய படத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டான்.

புதன்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. நான் யாருடைய பேரைச் சொல்ல, பூச்சி?